ஒன்பதும் இரண்டும் கிடைத்த பிறகு

ஆட்சிக் கவிழ்ப்பை எங்கள் பிஜியில் ‘கூ’ என்றுதான் சொல்வோம். பிள்ளையின் வயதைக் கேட்டால்கூட, “கூவுக்கு முன்னாடி பொறந்தவன்” என்று பதில் வரும். நான் அல்ஜீப்ரா படித்ததையும் அப்படித்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் கூவுக்கு முன்னால், கொஞ்சம் பின்னால். நடுவில் இருந்ததை யாரும் சொல்லித் தரவில்லை.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். கல்யாணமாகி, நகாசியில் ஒரு துணிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தபோது நர்ஸ் படிப்பில் சேர ஆசை வந்தது. கணக்குப் பரீட்சையில் தேறினால் இடம் உண்டு என்றார்கள். ஆனால் வயது வரம்பு நெருங்கிவிட்டது. அந்த ஒரு வருஷத்தை விட்டால் அப்புறம் கிடையாது. நசினுவில் கோயிலுக்குப் பின்னால் இருந்த ஹாலில், சனிக்கிழமை காலையில் பெரியவர்களுக்குக் கணக்கு வகுப்பு நடந்தது. கடைத் தோழியையும் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

முதல் மாஸ்டர் நிதானமானவர். x² + 5x + 6 என்று எழுதிவிட்டு, “பெருக்கினா ஆறு, கூட்டினா அஞ்சு. யாரு அந்த ரெண்டு பேரு?” என்பார். “ரெண்டும் மூணும்!” என்று கத்துவோம். “அப்ப ஆளுக்கு ஒரு வீடு குடுங்க” என்று (x + 2)(x + 3) எழுதுவார். பிராக்கெட்டுக்கு அவர் வைத்த பேர் வீடு. இரண்டு வீட்டையும் பெருக்கினால் பழைய கணக்கே திரும்பி வருவதையும் காட்டினார். பிறகு அவருக்கு ஆக்லாந்து விசா வந்துவிட்டது. கழுத்தில் சலுசலு மாலை போட்டு, பூரியும் டீயும் கொடுத்து அனுப்பிவைத்தோம்.

இரண்டாம் மாஸ்டர் வேகமானவர். x²-க்கு முன்னால் எண் நிற்கிற கணக்கை எடுத்தார்: 6x² + 11x + 3. “முதலையும் கடைசியையும் பெருக்கு, பதினெட்டு. இப்ப பெருக்கினா பதினெட்டு, கூட்டினா பதினொண்ணு, யாரு?” ஒன்பதும் இரண்டும் என்றோம். “சபாஷ். மீதி அடுத்த வாரம்” என்று கையில் இருந்த சுண்ணாம்புத் தூளைத் தட்டினார்.

அந்த வாரம்தான் கூ. பாராளுமன்றத்துக்குள் ஆட்களைப் பிடித்து வைத்திருப்பதாக ரேடியோ சொன்னது. சுவாவில் கடைகள் எரிந்தன. ஊரடங்கு வந்தது. ஹாலை மறுபடி திறந்தபோது மாஸ்டர் குடும்பத்தோடு சிட்னிக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாக யாரும் கிடைக்கவில்லை.

பரீட்சையோ தள்ளிப்போனதே தவிர நிற்கவில்லை. நாங்களே கூடி உட்கார்ந்து படித்தோம். ஒன்பதும் இரண்டும் கிடைத்தாயிற்று, அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முதல் மாஸ்டர் சொன்னபடி ஆளுக்கு ஒரு வீடு கொடுத்தோம்: (x + 9)(x + 2). ஹாலில் எல்லோருக்கும் அதே விடை. நெஞ்சு நிறைந்துபோயிற்று.

ஒரு நாள் பஸ் ஓடவில்லை, கடைக்குப் போக வழியில்லை. சும்மா இருக்க முடியாமல் அந்த இரண்டு வீட்டையும் பெருக்கிப் பார்த்தேன். x² + 11x + 18 என்று வந்தது. பெருக்கியதில்தான் தப்பு என்று நினைத்து மறுபடி பெருக்கினேன். அதேதான். கணக்கின் தலையில் இருந்த ஆறைக் காணோம். மூன்று இருந்த இடத்தில் பதினெட்டு உட்கார்ந்திருந்தது. டாக்சி ஓட்டும் என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “மீட்டர் ஓடுது, வண்டி நகரலையே!” என்றார்.

தோழியிடம் காட்டினேன்.

“அரே, நடுவுல பதினொண்ணு சரியா வருதுல்ல?”

“ஓரத்துல ரெண்டும் தப்பா இருக்கேடி.”

“ஓரத்துல நிக்கிறவங்க அப்படித்தான் கொஞ்சம் முன்ன பின்ன இருப்பாங்க. இத்தனை பேருக்கும் ஒரே விடை. அது எப்படிடி தப்பாகும்?”

நான்தான் எதையோ குழப்பிக்கொள்கிறேன் என்றே பட்டது.

பரீட்சையில் 2x² + 7x + 3 வந்தது. கை தன்னால் (x + 6)(x + 1) என்று எழுதிவிட்டது. பெருக்கினேன், முன்னால் இருந்த இரண்டைக் காணோம். அடித்தேன். இரண்டு தொலையாமல் இருக்க, ஒரு வீட்டில் 2x-ஐயே குடிவைத்தேன். (2x + 3)(x + 1). பெருக்கினால் நடுவில் ஐந்து. அதையும் அடித்துவிட்டு, மூன்றையும் ஒன்றையும் இடம் மாற்றினேன். (2x + 1)(x + 3). ஏழு வந்தது. ஏன் வந்தது என்று தெரியாது. மற்ற கணக்குகளையும் அப்படியே வைத்துப் பார்த்து, அடித்துப் பார்த்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

வெளியே வந்தால் எல்லோரும், “ஆறும் ஒண்ணும், ஆறும் ஒண்ணும்” என்று ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் படிப்பு போயிற்று என்று நினைத்து, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

தேறிவிட்டேன், மயிரிழையில். படிப்பில் இடமும் கிடைத்தது. தோழி உட்பட பலருக்கு மறுபடி எழுத வேண்டியதாயிற்று. அடுத்து வந்த சனிக்கிழமை ஹாலில் என்னைப் பிடித்துக் கரும்பலகை முன்னால் நிறுத்திவிட்டார்கள். வைத்துப் பார்த்து, பெருக்கிப் பார்த்து, 6x² + 11x + 3-க்கு (3x + 1)(2x + 3) என்று எழுதிக் காட்டினேன்.

“அதுசரி மாஸ்டர், ஒம்பதும் ரெண்டும் எங்க போச்சு?” என்றாள் தோழி.

“தெரியலடி.”

“அப்ப எதுக்கு அவ்வளவு கஷ்டப்பட்டுக் கண்டுபிடிச்சோம்?”

“அதுவும் தெரியல.”

ஹாலே சிரித்தது. “நல்ல மாஸ்டரு! நர்ஸாகி நீயும் பிளேன் ஏறிடுவ. அதுக்கு முன்னாடி இந்த ஒரு கணக்கையாச்சும் முடிச்சுட்டுப் போ” என்றாள். நான் பலகையைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து எழுத ஆரம்பித்தேன்.