நாற்பது பாட்டில், ஒரே செங்கல் நிறம்

எங்கள் ஆஸ்பத்திரி லேபில் இப்போது வேலை செய்யும் பெண்கள், "நீங்க இருந்த காலத்துல எப்படிம்மா டெஸ்ட் பண்ணீங்க, எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். எழுதுவதும் பேசுவதும் எனக்குக் கூச்சம். பேசுவதைவிட எழுதுவது கொஞ்சம் தேவலை, எதிரே ஆள் இருக்காது.

1. பிரஷ்

ஆம்பூர் பக்கத்தில் எங்களுடையது சின்ன ஆஸ்பத்திரி. பெரிய வியாதி என்றால் வேலூருக்கு அனுப்பிவிடுவோம். எழுபதுகளின் தொடக்கத்தில் லேப் அட்டெண்டராகச் சேர்ந்தேன். முதல் நாள் டெக்னீஷியன் ஜெயராஜ் சார் என் கையில் ஒரு டெஸ்ட் டியூப் பிரஷ்ஷைக் கொடுத்து, "பாக்கியம், இதான் உன் சொத்து" என்றார்.

"சரிங்க சார்" என்றேன்.

அதற்கப்புறம் ஏழெட்டு வருஷம் நான் அந்த லேபில் பேசியது பெரும்பாலும் அந்த இரண்டு வார்த்தைதான். டாக்டர் ஏதாவது கேட்டால் "சரிங்க சார்." திட்டினால் "சரிங்க சார்." ஒரு தடவை, "உனக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?" என்று கேட்டதற்கும் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

2. நீலம்

கூட்டம் அதிகமானபோது ஜெயராஜ் சார் எனக்கு சுகர் டெஸ்ட் பழக்கிக் கொடுத்தார். அப்போது ஸ்டிரிப் கிடையாது, மெஷின் கிடையாது. பெனடிக்ட் கரைசல் என்று நீலமாக ஒரு தண்ணீர் இருக்கும். அதை டெஸ்ட் டியூபில் ஊற்றி, எட்டு சொட்டு யூரின் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவைத்தால் நிறம் மாறும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிக்கொண்டே போகும். செங்கல் நிறம் வந்தால் நாலு பிளஸ். அதற்குமேல் கிடையாது.

எங்கள் ஊரில் அந்த நீலத்தைத் தனியாகப் பழகவேண்டியதில்லை. தோல் பதனிடும் டேனரியில், க்ரோம் மருந்து கலந்து சுற்றும் ட்ரம்மிலிருந்து ஈரமாக இறக்கும் தோல் அதே நீலம்தான்.

ஆனாலும் எனக்குப் பயம். தப்பாகப் பார்த்துவிட்டால் ஒரு ஆளுடைய உயிர் அல்லவா? அதனால் வீட்டிலிருந்து சாம்பிள் கொண்டுவந்து பழகினேன். வாரம் ஒரு தடவை வீட்டுக்காரருடையது. அது நீலம். பிறகு மாமியாரிடம் ஒரு பாட்டிலை நீட்டினேன்.

"இன்னாடி இது?"

"ஒண்ணுக்கு வேணும் அத்தை. டெஸ்ட்டுக்கு."

மாமியார் பாட்டிலையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். அடுத்த நிமிஷம் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். "டேய் ஏழுமலை! உம் பொண்டாட்டி என் மூத்திரத்த வெச்சி செய்வினை பண்ணப் போறாடா!"

கடைசியில் என் வீட்டுக்காரர் சமாதானம் செய்து வாங்கிக்கொடுத்தார். அதுவும் நீலம். வேறு ஆள் கிடைக்காமல் எங்கள் ஆட்டினுடையதையும் பிடித்துக்கொண்டு போனேன். ஜெயராஜ் சார் அந்த டியூபைப் பார்த்து, "யாருதும்மா இது?" என்றார். சொல்ல வெட்கமாக இருந்தது. "வேண்டியவங்க சார்" என்றேன். அவர் சீட்டில் 'நார்மல்' என்று எழுதி, "நல்லா தண்ணி குடிக்கச் சொல்லு" என்றார்.

3. நான் சொல்லாமல் விட்ட ஒரு வரி

எழுபதுகளின் கடைசியில் மெட்ராஸிலிருந்து ஒரு புது டாக்டர் வந்தார். சின்ன வயது. கண்ணாடி போட்டிருப்பார். "வியாதி வந்தப்புறம் பார்க்கறது பழைய காலம். வர்றதுக்கு முன்னாடியே தேடிப் போய்ப் பார்க்கணும்" என்பார். எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. நல்லா இருக்கிறவனை எதற்கு டாக்டர் பார்க்கவேண்டும் என்று ஊரே கேட்டது.

அவர் பக்கத்து டேனரி முதலாளியிடம் பேசி செக்கப்புக்கு ஏற்பாடு செய்தார். அங்கே நாற்பது பேர் பல வருஷமாக டெம்பரரி. முதலாளி ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். டாக்டர் 'ஃபிட்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறவர்களுக்கெல்லாம் வேலை பர்மனென்ட். அந்த நாற்பதில் என் வீட்டுக்காரரும் ஒருவர். ஒன்பது வருஷம் ஈரத் தோலைத் தோளில் சுமந்தவர். எங்கள் வீட்டில் அந்த வாரம் 'பர்மனென்ட்' என்கிற வார்த்தையைத் தவிர வேறு பேச்சே இல்லை.

முதலில் யூரின் டெஸ்ட். மிக்ஸ்சர் மருந்து வருகிற காலி பாட்டில் நாற்பதைக் கழுவி, காயவைத்து, கஞ்சிப் பசையில் ஒன்றிலிருந்து நாற்பது வரை நம்பர் ஒட்டினேன். யாருக்கு எந்த நம்பர் என்று லிஸ்ட் இருந்தது. என் வீட்டுக்காரர் பதினேழு.

ஜெயராஜ் சார் சொன்னார். "காலையில ஆறு மணிக்கு கேட்டுல போய்க் குடு. ஒவ்வொரு ஆளும் அவங்கவங்க பாட்டில்ல அவங்கவங்களுது ரெண்டு விரல் அளவு குடுக்கணும்னு மேஸ்திரிகிட்ட சொல்லிடு."

"சரிங்க சார்."

காலையில் போனேன். காதர் மேஸ்திரி கேட்டில் நின்றிருந்தார். பெரிய மீசை, பெரிய குரல். தோலைத் தடவிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவார். சுற்றி இருபது முப்பது ஆம்பிளைகள். அத்தனை பேர் நடுவில் ஒண்ணுக்கு விஷயத்தை எப்படி விளக்குவது?

"இன்னாம்மா இது?" என்றார் மேஸ்திரி.

கூடையையும் லிஸ்டையும் கீழே வைத்தேன். "யூரின் சாம்பிள் பாய். ரெண்டு விரல் அளவு" என்று தரையைப் பார்த்துச் சொன்னேன்.

"சாம்பிளா? அவ்ளோதானே? மத்தியானம் ரெடியா இருக்கும், போம்மா."

நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

4. செங்கல்

மத்தியானம் கூடை வந்தது. நாற்பது பாட்டிலும் அளவு பிசகாமல் ரெண்டு விரல் இருந்தது. 'டேனரிக்காரர்கள் கைவேலை சுத்தம்' என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

முதல் டியூபைக் கொதிக்கவைத்தேன். செங்கல். பாவம், யாரோ ஒருத்தர் என்று நினைத்தேன். இரண்டாவது, செங்கல். மூன்று, நான்கு, ஐந்து, எல்லாம் செங்கல். ஸ்டாண்டில் வரிசையாக நிறுத்தினால் சுவர் கட்டிவிடலாம் போல இருந்தது. ஜெயராஜ் சார் கரைசல் கெட்டுப்போய்விட்டதோ என்று சந்தேகப்பட்டு, தன்னுடையதையே போட்டுப் பார்த்தார். நீலம். கரைசலில் கோளாறு இல்லை.

அடுத்து பதினேழாம் நம்பர், என் வீட்டுக்காரருடையது. அதுவும் செங்கல்.

டாக்டர் ஓடிவந்தார். அவருக்கு ஒரு பக்கம் கவலை, ஒரு பக்கம் ஏதோ கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்.

"நாற்பது பேருக்கும் நாலு பிளஸ்ஸா! ஜெயராஜ், இது சாதாரண விஷயம் இல்ல. அந்த ஃபேக்டரியில ஏதோ இருக்கு. தண்ணியா? க்ரோமா?"

"கேண்டீன் டீயா இருக்குமோ சார்?" என்றார் ஜெயராஜ் சார். "அதுல சர்க்கரை ஜாஸ்திதான் போடுவான்."

"ஒருத்தரையும் இப்போ ஃபிட்னு எழுத முடியாது. நாலு மணிக்கு ஜீப்புல முதலாளிக்கு லெட்டர் அனுப்பிடலாம்."

அப்போது மணி மூன்றரை.

5. பதினேழு

டாக்டர் மேஜையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். நான் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு எதிரில் போய் நின்றேன்.

"என்னம்மா?"

"சரிங்க சார்" என்றேன்.

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"சரிங்க சார்."

அவர் மறுபடி குனிந்து எழுதினார். நான் நகரவில்லை. ஒன்பது வருஷம் தோல் சுமந்த தோள் கண்ணுக்குள் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"பதினேழு நீலம் சார்!"

நான் அவ்வளவு சத்தமாகப் பேசி நானே கேட்டதில்லை. வெளியே க்யூவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எது நீலம்?"

"பதினேழு என் வீட்டுக்காரர் சார். அவரு நீலம். போன வெள்ளிக்கிழமை நீலம், அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமையும் நீலம்."

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எதுக்கும்மா டெஸ்ட் பண்ணீங்க?"

"பழகுறதுக்கு சார். மாமியாரும் நீலம். ஆடும் நீலம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஜெயராஜ் சார் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "பாக்கியம், அன்னைக்கு நான் நார்மல்னு எழுதிக் குடுத்தேனே..."

"சரிங்க சார்" என்றேன்.

டாக்டர் எழுந்து போய் நாற்பது பாட்டிலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எல்லாம் ஒரே நிறம். முகர்ந்தும் பார்த்தார், மெட்ராஸில் படித்தவர் என்றாலும் கூசவில்லை. பிறகு எழுதிய லெட்டரை நாலாகக் கிழித்தார். "வண்டியை எடுக்கச் சொல்லுங்க. நீங்களும் வாங்கம்மா."

ஜெயராஜ் சாரும் ஏறிக்கொண்டார். ஜீப்பில் போகும்போது, கேட்டில் சொல்லாமல் விட்ட வரியைச் சொல்லிவிட்டேன். ஒரே நாளில் இரண்டு தடவை பேசியதில் எனக்கு மூச்சு வாங்கியது. டாக்டர் திட்டவில்லை. "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

6. தரமான உருப்படி

காதர் மேஸ்திரி சிரித்த முகமாக வந்தார். டாக்டர் கேட்டார். "நாற்பது பேர்கிட்டயும் வாங்கினீங்களா பாய்?"

"நாப்பது பாட்டிலும் ரொம்பிச்சே சார்! ஒண்ணு ரெண்டு கம்மியா இருந்திச்சா?"

"கம்மி இல்ல. யார் யார் குடுத்தாங்க?"

"நம்ம ட்ரம் வரதன் சார்."

"நாற்பதும்?"

"ஆமா சார்." மேஸ்திரிக்கு எங்கள் முகம் புரியவில்லை. "ஆயிரம் தோலு லாட்டுன்னா ஆயிரத்துலேர்ந்தா சார் சாம்பிள் வெட்டுவோம்? இருக்கிறதுலயே நல்ல உருப்படியா எடுத்து, கையகலம் வெட்டி வாங்குற பார்ட்டிக்கு அனுப்புவோம். அது பாஸ்னா லாட்டே பாஸ். இவங்க நாப்பது பேரும் ஒரே லாட்டு. வரதன்தான் இதுல ஃபர்ஸ்ட் கிரேடு. நல்ல கனம், பளபளப்பு, ஒரு கீறல் கெடையாது. நீங்களே பாருங்க."

ஜெயராஜ் சார் வாயைப் பொத்திக்கொண்டு ட்ரம் பின்னால் போய்விட்டார். டாக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, "அது சரி பாய், ஆறு மணி நேரத்துல ஒரே ஆளு எப்படி நாற்பது பாட்டில் குடுத்தாரு?" என்றார்.

"அதுக்குத்தானே சார் அவனை எடுத்ததே! எத்தினி வாட்டி கேட்டாலும் இல்லன்னு சொல்லமாட்டான். ஒரு குடம் தண்ணிய ஒரே ஆளா காலி பண்ணுவான். லோடு வண்டில கூட்டிட்டுப் போனா வேலூர் போறதுக்குள்ள நாலு எடத்துல நிறுத்தணும், பேஜாரு."

டாக்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கும் புரிந்துவிட்டது. நாற்பது பாட்டிலும் பொய், ஆனால் செங்கல் நிறம் பொய் இல்லை.

அந்த நேரம் பார்த்து வரதனே வந்தார். ஆறடி உயரம், உருண்டையான முகம், கையெல்லாம் நீலம். எங்களைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக, "இன்னா சார், நாங்க பாஸா?" என்றார்.

டாக்டர் கீழே பார்த்தார். வரதனின் இடது கால் கட்டைவிரலில் ஒரு துணி சுற்றியிருந்தது.

"இது எத்தனை நாளா?"

"மூணு மாசம் இருக்கும் சார். சுண்ணாம்புத் தண்ணி பட்டிருக்கும்னு உட்டுட்டேன்."

"வண்டியில ஏறுங்க வரதன்."

"ஐயோ, என்னைய மட்டுமா சார்? அப்போ லாட்டு பெயிலா?" என்று அவர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி முகத்தில் ஈயாடவில்லை. "ஒரு கீறல் இல்லன்னு நெனச்சேன்டா" என்று முனகினார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, தானே வரதனைத் தோளோடு பிடித்து ஜீப்பில் ஏற்றினார்.

7. பாக்கி

இன்னும் இரண்டு மாதம் போயிருந்தால் விரல் போயிருக்கும், காலும் போயிருக்கலாம் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். தினமும் ஊசி, தினமும் கட்டு. ஊசி போடும்போது அந்த ஆறடி ஆள் கண்ணை மூடிக்கொண்டு என் முந்தானையைப் பிடித்துக்கொள்வார். விரல் தப்பித்தது.

மற்றவர்களுக்கு அடுத்த வாரம் மறுபடி டெஸ்ட். இந்தத் தடவை கேட்டில் நானே நின்றேன். ஒவ்வொரு பாட்டிலாகக் கையில் கொடுத்து, ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்து, "உங்க பாட்டில்ல உங்களுது மட்டும்" என்று சொன்னேன். முதல் ஐந்தாறு பேரிடம் சொல்லும்போது காது சுட்டது. இருபதாவது ஆளிடம் சொல்லும்போது அதட்டலாகவே வந்துவிட்டது. என் வீட்டுக்காரர், "எங்கிட்டயும் சொல்லணுமாடி?" என்றார். "உங்களுக்கு முக்கியமா சொல்லணும்" என்றேன். கேட்டில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். பதினேழு நீலம்.

வரதனுக்கு மட்டும் மூன்று மாதம் கழித்து டாக்டர் கையெழுத்துப் போட்டார். அதுவரை பர்மனென்ட் லிஸ்டை மூடவேண்டாம் என்று முதலாளியிடம் பேசியவர் காதர் மேஸ்திரி. "லாட்டைப் பிரிக்கக் கூடாது" என்றாராம்.

எண்பதுகளில் ஸ்டிரிப் வந்தது. முக்கி எடுத்தால் போதும், விளக்கு வேண்டாம், கொதிக்கவைக்க வேண்டாம். இப்போது மெஷினே நம்பர் சொல்லிவிடுகிறது. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் மூன்று பாஷையில் விவரம் அச்சடித்திருக்கிறது. ரொம்ப நல்லது. வரதன் அண்ணன் அந்த மாற்றம் அத்தனையையும் பார்த்தார், மாதம் தவறாமல் வருவார். லேப் வாசலில் நின்றுகொண்டே, "பாக்கியம், லாட்டு பாஸா?" என்று கத்துவார். நானும் உள்ளேயிருந்து, "பாஸ்ண்ணே!" என்று கத்துவேன். க்யூவில் இருக்கிறவர்கள் ஒன்றும் புரியாமல் பார்ப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்காது.

லேபில் இருக்கும் பெண்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். டப்பாவில் அச்சடித்திருக்கிறதே என்று நீட்டிவிட்டு உட்காராதீர்கள். வாங்கிக்கொள்கிறவருக்குப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். படித்தாலும் அவர் தன் தொழிலில் பழகியபடிதான் புரிந்துகொள்வார். எழுந்து நின்று, முகத்தைப் பார்த்து, அந்த ஒரு வரியை வாய்விட்டுச் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன்.