இருபது ஸ்வெட்டர்களும் ஓர் இழையும்

பள்ளிக்கூடமே போகாத சாபிரா கம்பம் ஊரில் சொந்தத் துணிக்கடை வைத்தாள். பெரிய கடைகளை முந்திக்கொண்டு மூணாறு விடுதி ஒன்றின் ஸ்வெட்டர் ஆர்டரைப் பிடித்தாள். நாற்பது வயதில் எழுதவும் கற்றாள். அந்த ஆர்டர்தான் அன்று கைநழுவப் பார்த்தது.

காஷ்மீர் ஆட்டு உரோமம் என்று சொல்லி இருபது ஸ்வெட்டர்களைப் பரப்பிய வியாபாரி, ரசீதை நீட்டினான். மறுநாள் காலை சரக்கு விடுதிக்குப் போயாக வேண்டும்.

அண்ணன் அஸ்லம் ஒன்றைத் தடவிப் பார்த்தான். “வாங்கிப்போடு ஆத்தா. பூனைக்குட்டி கணக்கா இருக்கு.”

“மெதுமெதுப்பு மருந்துல முக்குனாலும் வரும்ணே.”

சாபிரா ஓரத் தையல் நூலைத் தொடாமல், ஸ்வெட்டரின் பின்னலிலிருந்தே ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டினாள். அசல் உரோமம் என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் பொடியாகும். இதுவோ உருகி, கெட்டியான மணியாகத் திரண்டது.

“கைநாட்டுக்கு இம்புட்டு ஆராய்ச்சியா?” என்று வியாபாரி மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினான்.

“ஆர்டர் போச்சே,” என்றான் அஸ்லம்.

“போகட்டும்ணே. விடுதிக்காரக கேட்டா நடந்ததைச் சொல்லிக்கிறேன்.”

அண்ணன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். ‘சரக்கு வேண்டாம்’ என்று ரசீதில் எழுதி, அடியில் முதன்முதலாகக் கையெழுத்திட்டாள். தேதியும் போட்டாள்: 2023 நவம்பர் 14.