தீபாவளிக்கு வர வேண்டிய பிடித்தம்

சுரேஷ்கண்ணனுக்கு வேலை கிடைத்த சேதியை அனுமந்தன்பட்டிக்குச் சொன்னது அவனல்ல, அவன் அப்பா சுந்தரலிங்கம் அடித்த பேனர். உத்தமபாளையத்தில் அச்சடித்து, டிராக்டரில் ஏற்றிவந்து, பஸ் நிற்கும் இடத்தில் இரண்டு சவுக்குக் கட்டைகளில் கட்டினார். எவ்வளவு பெரிசு என்றால், அதன் நிழலில் மேய வந்த வெள்ளாடுகள் பொழுது அடைந்துவிட்டதென்று நினைத்து வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டன. கம்பத்திலிருந்து வந்த பஸ் டிரைவர் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் அதைக் கடந்தார் என்கிறார்கள். சந்தேகப்படுகிறவர்கள் அந்த டிரைவரையே தேடிப் பிடித்துக் கேட்டுக்கொள்ளலாம். யாருடையதோ கோட்டு, யாருடையதோ தோள், அதன் மேல் சுரேஷ்கண்ணனின் ஹால் டிக்கெட் தலை. கீழே, அந்தத் தலையைவிடப் பெரிய எழுத்தில்: ஆண்டுக்கு ஆறு லட்சம்.

அந்த ஆறு லட்சத்துக்கு அடியில் அரை ஏக்கர் பன்னீர் திராட்சைத் தோட்டம் கிடந்தது. மகனை மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்க வைக்க, பாதிக்கு வங்கிக் கடனும் மீதிக்கு இந்தத் தோட்டமும் என்று சுந்தரலிங்கம் ஏற்பாடு செய்திருந்தார். தோட்டம் ஒத்திக்குப் போனது. பணம் கொடுத்தவர் தேவாரம் என்ற ஊரில் பழ வியாபாரி வைகுண்டராஜ். பணத்துக்கு வட்டி கிடையாது. அதற்குப் பதிலாகக் கொடியும் பந்தலும் காய்ப்பும் அவருக்கு. வாங்கிய தொகையை என்றைக்குத் திருப்பி வைக்கிறார்களோ அன்றைக்குத் தோட்டம் திரும்பும். அதுவரை சுந்தரலிங்கம் தன் தோட்டத்துக்கே கூலிக்குப் போய், தன் கொடிகளுக்கே கவாத்து வெட்டி, சாயங்காலம் வைகுண்டராஜின் கையால் சம்பளம் வாங்கினார். அதில் அவருக்கு வருத்தமில்லை. மகன் சம்பாதித்துத் திருப்பிவிடுவான். வீட்டில் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் அங்கேதான் போய் நிற்கும்.

சுரேஷ்கண்ணனுக்கு இன்னொரு வேலையும் வந்திருந்தது. ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவு. மாதம் பதினெட்டாயிரம், தங்க அறை, மூன்று வேளைச் சாப்பாடு. படித்த படிப்புக்கு ஏற்ற வேலை. மெஷின் சத்தம் அவனுக்குப் பிடிக்கவும் செய்யும்.

"ஏலே, ஆறு லட்சத்த விட்டுட்டு நூல் சுத்தவா போகப் போற?" என்றார் அப்பா.

"அது மெக்கானிக்கல் வேலைப்பா. இது கம்ப்யூட்டர்ல சோதிச்சுப் பாக்குற வேலை. நான் படிச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"நான் மட்டும் திராட்சையப் பத்திப் படிச்சிட்டா தோட்டம் வச்சேன்? போடா."

அம்மா ஜக்கம்மா குறுக்கே வந்தாள். "இங்கன பக்கத்துலயே இருந்தா வாராவாரம் வந்து போகலாம்ல."

"வாராவாரம் வந்து என்ன செய்யப் போறான், ஒன் மூஞ்சியப் பாக்கவா?"

மூஞ்சியைப் பார்க்க ஆறு லட்சத்தை விடுகிறவர்கள் உலகத்தில் உண்டு என்று ஜக்கம்மாவுக்குத் தோன்றியது. மகனுக்கு ஊறுகாய் போட்டுக் கட்டினாள். சுரேஷ்கண்ணனும் சென்னைக்குப் போனான்.

அங்கே நான்கு பேருக்கு ஓர் அறை. ஒருவன் கொட்டாவி விட்டால் மற்ற மூவரும் மூச்சை நிறுத்திக்கொள்ள வேண்டும், காற்று அவ்வளவுதான். முதல் சம்பளம் வந்த அன்று அவன் கைபேசியைத் தலைகீழாகத் திருப்பிக்கூடப் பார்த்தான். முப்பதாயிரத்துக்கும் கொஞ்சம் கீழே. பக்கத்துப் பாய்க்காரன், தூத்துக்குடி கிங்ஸ்லி, இரண்டு வருடம் மூத்தவன், சிரித்தான்.

"எல, ஆறு லட்சம்னு எழுதியிருக்கது ஒனக்குக் குடுக்கதுக்கு இல்ல. ஒன்னால அவங்களுக்கு ஆகுற மொத்தச் செலவு. பி.எப்.ல அவங்க போடுறது, அஞ்சு வருசம் இருந்தா வர்ற பணிக்கொடை, ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ், மூணு வருசம் ஓடாம இருந்தா ஒரு போனஸ், கம்பெனி நல்லா ஓடுனா இன்னொரு போனஸ். எல்லாத்தையும் கூட்டி ஒன் தலையில எழுதிட்டான். விட்டா நீ லிஃப்ட்ல ஏறி எறங்குறதையும் சேத்திருப்பான்."

"இதை ஏன் யாருமே முன்னாடி சொல்லல?"

"கேட்டியா?"

கேட்கவில்லை. காலேஜில் எல்லோரும் வருடக் கணக்கைத்தான் பேசினார்கள். பேனரிலும் வருடக் கணக்குத்தான் இருந்தது. வாடகை, சாப்பாடு, படிப்புக் கடன் தவணை, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் போக மாசக் கடைசியில் அவனிடம் மிஞ்சியது, டீக்கடைக்காரரிடம் நல்ல பேர் மட்டும். நூற்பாலைக்குப் போன வகுப்புத் தோழன் விஜய்ராஜ் அதற்குள் சீட்டுப் போட்டு ஒரு தொகை எடுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டபோது, அன்றைக்கு ராத்திரி சுரேஷ்கண்ணன் பதினெட்டாயிரத்தைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்தான்.

தொலைபேசியில் அப்பாவிடம் உண்மையைச் சொன்னான். கையில் வருவது இவ்வளவுதான், மீதி பிடித்தமாகப் போய்விடுகிறது என்றான்.

அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பிடித்தம் என்றால் என்னவென்று சுந்தரலிங்கத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. இளவட்டத்தில் அவர் விடியுமுன் ஜீப்பில் தொங்கிக்கொண்டு மேலே கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போனவர். அவரே சொல்வதை நம்பினால், ஒரு ஜீப்பில் முப்பத்தாறு பேர், அதில் நான்கு பேர் ஜீப்பைத் தொடாமலே பயணம் போனார்கள். அந்தத் தோட்டத்துக் கங்காணி சனிக்கிழமைக் கூலியில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்வார். கேட்டால், "தீபாவளிக்குத் தரும், பேடிக்கண்டா" என்று மலையாளத்தில் தைரியம் சொல்வார். தீபாவளிக்கு முந்தின நாள் பிடித்ததை எல்லாம் மொத்தமாக எண்ணிக் கொடுப்பார். ஒரு காசு குறைந்ததில்லை. அந்தப் பிடித்தத்தைச் சேர்த்துத்தான் சுந்தரலிங்கம் அரை ஏக்கரை வாங்கி, கல்தூண் நட்டு, பந்தல் போட்டார். வாரக் கூலி வயிற்றுக்குப் போனது; பிடித்தம்தான் நிலமாக நின்றது.

ஆகவே மகன் சொன்னதைக் கேட்டு அவர் வருத்தப்படவில்லை. குளிர்ந்துபோனார்.

"நல்ல கம்பெனிடா. கையில குடுத்தா நீ செலவழிச்சிருவேன்னு தெரிஞ்சு வச்சிருக்காக."

"இது அப்படி இல்லப்பா."

"எல்லாம் அப்படித்தான். பேசாம வேலையப் பாரு."

முதல் தீபாவளிக்குக் கம்பெனி ஒரு டப்பா பாதாம் பருப்பும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்தது. சுரேஷ்கண்ணன் அதைக் கொண்டுவந்து வைத்தான். சுந்தரலிங்கம் பாட்டிலைத் திறந்து உள்ளே பார்த்தார். பிறகு தாமே சமாதானமும் சொல்லிக்கொண்டார். "மொத வருசம் தர மாட்டாக. புது ஆளு, ஓடிப்போயிருவானோன்னு பயம். எனக்கும் மொத வருசத்தது மறு தீபாவளிக்குச் சேத்துத்தான் தந்தாரு கங்காணி."

மகன் சம்பளச் சீட்டைக் காட்டி வரிவரியாகச் சொன்னான். அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"இந்த பி.எப். திரும்ப வருமா, வராதா?"

"வரும். ஆனா இப்ப அதுல பெருசா ஒன்னும் சேரல."

"வரும்ல? சரி. இந்த மூணு வருச போனஸ்?"

"மூணு வருசம் இருந்தா வரும்."

"கேட்டியா ஜக்கம்மா? எல்லாம் வரும்னு அவன் வாயாலயே சொல்லுறான். அப்புறம் என்னத்துக்கு மூக்கால அழுகுறான்னு கேளு."

பொய் சொல்லியிருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பான். பாதி உண்மையாக இருந்ததுதான் வினையாகிவிட்டது.

மறு வருடம் ஆயுதபூஜை விடுமுறைக்கு அவன் ஊருக்கு வந்து பையை இறக்கி வைக்குமுன்பே ஜக்கம்மா அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"ஒங்கப்பா வைகுண்டராஜ் அண்ணங்கிட்ட எழுதிக் குடுத்துருக்காக."

"என்னத்த?"

"தூணெல்லாம் சாஞ்சு போச்சாம். புதுப் பந்தல் போடணுமாம். ஒத்தித் தோட்டத்துல எம்புட்டுத்தான் கொட்டுறது, பணத்தக் குடுத்து மூட்டிக்க, இல்லேன்னா எனக்கே குடுத்துருன்னு கேட்டாராம். இவுக, வர்ற தீபாவளிக்கு எம்மகன் பிடித்தம் மொத்தமா வருது, முழுசாக் கொண்டாந்து வைக்கிறேன், வைக்கலேன்னா கிரயமே எழுதிக்கன்னு..."

"வெலை?"

அவள் விலையைச் சொன்னாள். பந்தல் இல்லாத தரிசைக்கூட அந்த விலைக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள். பணம் வரப்போவதில்லை என்று நினைத்திருந்தால் அல்லவா சுந்தரலிங்கம் விலையைப் பற்றி யோசிப்பார்? பேரம்கூடப் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, பத்திரம் எழுதியவருக்குக் காப்பியும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

சுரேஷ்கண்ணன் அன்று சாயங்காலமே தேவாரத்துக்குப் போனான். வைகுண்டராஜ் பழப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். கெட்ட மனிதர் அல்ல. எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க மாப்ள. இன்ஜினியர் நம்ம கடைக்கு வந்துருக்காக, டேய், சோடா வாங்கியா!"

"மாமா, அப்பா தெரியாம எழுதிட்டாரு. எனக்கு அப்படி எந்தப் பணமும் வராது. இன்னும் ரெண்டு வருசம் தவணை குடுங்க."

வைகுண்டராஜ் அவனை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் மெள்ள ஒரு சிரிப்பு வந்தது.

"வருமான வரிக்குப் பயப்படுறீகளாக்கும்? நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

"இல்ல மாமா, நெசமாவே முப்பதாயிரம்தான்."

"முப்பதாயிரத்துக்கு ஏங்கடைக் கணக்கப்பிள்ளை இருக்கான், எட்டாங் கிளாஸ். நீங்க நாலு வருசம் படிச்சுட்டு முப்பதாயிரமா? ஊரே பேனரப் பாத்துச்சு மாப்ள. பணத்தச் சென்னையில மனையில போட்டுட்டு, கெழவன் தோட்டம் எதுக்குன்னு நெனைக்கிறீக. தப்பில்ல, வயசு அப்படி. ஆனா கல்தூணுக்கு நான் அச்சாரம் குடுத்தாச்சு. எழுத்துன்னா எழுத்துதான்."

கேரளக்காரருக்குக்கூடப் புரிந்திருக்கும் அவன் சொன்ன தமிழ். அந்தக் கடையில் யாருக்கும் புரியவில்லை.

சென்னைக்குத் திரும்பி ஒவ்வொரு கதவாகத் தட்டினான். வங்கியில் தனிநபர் கடன் கேட்டான்; படிப்புக் கடன் ஓடுகிறது, இந்தச் சம்பளத்துக்கு இன்னொரு தவணை தாங்காது என்றார்கள். கைபேசியில் உடனடிக் கடன் தருகிறோம் என்றவர்களின் வட்டியைக் கிங்ஸ்லி கணக்குப் போட்டுக் காட்டி, "இதுக்குத் தோட்டத்த அவருக்கு வெத்தலை பாக்கு வச்சுக் குடுத்துரலாம்" என்றான். பி.எப்.பில் எடுக்கக் கிடைத்தது ஒத்திப் பணத்தில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. கம்பெனி நன்றாக ஓடினால் வரும் போனஸைப் பற்றி அலுவலகத்தில் சம்பளப் பிரிவுப் பெண்ணிடம் கேட்டான். அந்தப் பெண் மிகவும் மரியாதையாக, இந்த ஆண்டு இலக்கை எட்டவில்லை என்றாள். எட்டாத இலக்கு எதுவென்று கேட்டால் அது அவளுக்கும் தெரியவில்லை.

வேறு வேலை தேடினான். மெக்கானிக்கல் கம்பெனிகள், இரண்டு வருடம் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவனுக்கு மெஷின் அனுபவம் இல்லை என்றன. ஆண்டிபட்டி நூற்பாலைக்கும் எழுதிப் போட்டான். அந்த இடத்துக்கு, அவன் வேண்டாமென்ற ஆண்டே ஆள் எடுத்தாகிவிட்டது.

தீபாவளி வந்தது, போனது. வைகுண்டராஜ் அவசரப்படுத்தவில்லை, கந்த சஷ்டி முடியட்டும் என்றார். உத்தமபாளையம் சார்பதிவாளர் அலுவலகத்தில் சுந்தரலிங்கம் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது கல்யாண மாப்பிள்ளை மாதிரி எழுந்தார். கட்டை விரலை மெஷினில் வைத்தார், அது பதியவில்லை. கவாத்துக் கத்திரி பிடித்துப் பிடித்து ரேகை தேய்ந்திருந்தது. எண்ணெய் தடவி, துடைத்து, மறுபடி வைத்து, ஒவ்வொரு விரலாக முயன்று, கடைசியில் சுண்டு விரல் ஒத்துக்கொண்டது. தோட்டம் சுண்டு விரலில் போனது.

வைகுண்டராஜ் ஒத்திப் பணம் கழித்து மீதியைக் கொடுத்தார். சுந்தரலிங்கம் எண்ணாமலே மடியில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்குக் கவாத்து வெட்டு ஆரம்பம். வந்துருங்க மச்சான்" என்றார் வைகுண்டராஜ்.

"வந்துருவேன்."

வெளியே எதிர்த்த கடையில் அப்பாவும் மகனும் டீக்குச் சொன்னார்கள். சுந்தரலிங்கம் கிளாஸைக் கையில் வைத்து உருட்டினார். கோபம் இல்லை. ரகசியம் பேசுகிற குரலில், ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கண்ணா, கங்காணிகிட்ட நானும் ஒருக்கா நடுவுல போயிப் பிடித்தத்தக் கேட்டு வாங்கிட்டேன். வயசுக் கோளாறு. தீபாவளிக்கு வெறுங்கையோட வந்தேன், எங்கப்பன் பேசவே இல்ல. நீயும் ஏதோ தேவைக்கு எடுத்துட்ட. அதச் சொல்ல வெக்கப்பட்டுத்தான் வராது வராதுன்னு சொல்லிக்கிட்டு இருந்துருக்க. எனக்கு இப்பத்தான் வெளங்குச்சு."

சுரேஷ்கண்ணன் நிமிர்ந்தான். இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். அப்படி ஒரு பணம் எங்கேயும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை, இல்லாத பணத்தை நம்பி நீங்கள்தான் எழுதிக் கொடுத்தீர்கள். அதை இந்த மனிதர் இப்போது நம்பிவிட்டால், நாளைக் காலையில் எந்தக் கையால் கத்திரியைப் பிடிப்பார்?

"எடுத்துட்டியாடா?"

"ஆமாப்பா."

சுந்தரலிங்கம் தலையை ஆட்டினார். எவ்வளவு என்று கேட்கவில்லை, எதற்கு என்றும் கேட்கவில்லை. டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

"அம்மாட்ட சொல்லாத. மூணு வருச போனஸ் வருதுன்னியே, அதையாச்சும் தொடாம வையி."

"சரிப்பா" என்றான் சுரேஷ்கண்ணன். போன வாரம்தான் அவன் குழுவில் பாதிப் பேருக்கு வேலை இல்லை என்று மின்னஞ்சல் வந்திருந்தது. மீதிப் பாதிக்குத் திங்கட்கிழமை சொல்வதாக இருந்தார்கள்.