மிக்ஸிக்கு அடங்காத காப்பிக் கொட்டை

சத்யப்பிரியாவிடம் நல்ல பேர் வாங்குவது லேசில்லை. மண்ணரையில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அவள். சாம்பிளைக் கையில் எடுத்து உதட்டைச் சுழித்தாளென்றால், மேனேஜர்கூட மறுபேச்சில்லாமல் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். வெள்ளகோவிலில் இருக்கும் பெற்றவர்களே அவளுக்குச் சேலை எடுக்கப் பயப்படுவார்கள்.

கம்பெனியில் சரக்கு எடுக்க வந்த வெளிநாட்டு பையர் ஒருவரோடு கோயமுத்தூரில் எஸ்பிரெசோ குடித்ததிலிருந்து அவளுக்கு மற்ற காப்பியெல்லாம் கழனித் தண்ணியாகிவிட்டது. அவள் முகச்சுழிப்பைத் தாங்கமாட்டாமல், துணிக்குச் சாயமேற்றும் டையிங்கில் சூப்பர்வைசராக இருந்த அவள் கணவன் பரணி கல்யாண நாளுக்கு ஒரு சின்ன எஸ்பிரெசோ மெஷின் வாங்கி வந்தான்.

மெஷின் வந்தது, காப்பி வரவில்லை. கடையில் வாங்கிய ஃபில்டர் தூளைப் போட்டால் குழாயைத் திறந்துவிட்டதுபோலக் கொட்டியது. கொட்டை வாங்கி மிக்ஸியில் ஓட்டினாள். பாதி மாவு, பாதி நொய். அதைப் போட்டதும் மெஷின் கொஞ்ச நேரம் முக்கிவிட்டு ஒரு பக்கமாகப் பீய்ச்சியடித்தது. அப்போதுதான் காரியம் மெஷினில் இல்லை, அரைப்பதில் இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

ஆன்லைனில் கிரைண்டர் தேடினாள். கட்டுப்படியான விலையில் இருந்ததெல்லாம் பிளேடு சுற்றும் மிக்ஸி ஜார்தான். அதற்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்த புண்ணியவான்கள் அதில் மசாலா அரைத்திருந்தார்கள். யூடியூபில் தாடிக்காரன் ஒருவன், பரணியின் ஒரு மாதச் சம்பளம் அளவுக்கு ஒரு விலையைச் சொல்லி, அதற்குக் குறைந்தது எதுவும் கிரைண்டரே இல்லை என்றான். ஓசியில் வாங்கிப் பேசுகிறவன் என்று போனைக் கவிழ்த்து வைத்தாள். அனுப்பர்பாளையத்துப் பாத்திரக் கடைக்காரர், கிரைண்டர் கேட்டதற்குப் பித்தளை ஃபில்டரை எடுத்து நீட்டினார். கடைப் படியிறங்கி வந்தாள். விலை குறைந்த கை கிரைண்டர் ஒன்றை வரவழைத்துப் பார்த்தாள். அரைக்கும் பல் பீங்கான், நடு அச்சு லொடலொடவென்று ஆடியது. ஒரு சுற்றுக்கு மணலாகவும் மறு சுற்றுக்கு மாவாகவும் விழுந்தது. அன்றைக்கே திருப்பியனுப்பினாள்.

விஷயம் அக்கா கலைமகள் வழியாக அக்கா வீட்டுக்காரர் பிரபாகர் காதுக்குப் போனது. அவருக்குச் சொந்தக் கம்பெனி. கிரைண்டரும் சேர்ந்தே இருக்கிற பெரிய காப்பி மெஷின் வாங்கியிருந்ததால், பழைய கிரைண்டர் சும்மாதான் கிடக்கிறது, வந்து எடுத்துப்போகட்டும் என்று சொல்லியனுப்பினார். அது நல்ல சாமான் என்று சத்யப்பிரியாவுக்குத் தெரியும். பரணியையும் கூட்டிக்கொண்டு போனாள்.

மூடியைத் திறந்ததும் கொத்தமல்லி வாசம் குப்பென்று அடித்தது. சுக்குமல்லிக் காப்பிக்கு அதில்தான் அரைத்திருந்தார்கள். பல்லிடுக்கில் மிளகுத் தோல் ஒட்டியிருந்தது. இவர்கள் கையில் எந்த நல்ல சாமானைக் கொடுத்துத்தான் என்ன என்று சத்யப்பிரியா நினைத்துக்கொண்டாள். ஆனால் உள்ளே கெட்டியான ஸ்டீல் பல். கழற்றித் துடைத்தால் வருஷக்கணக்கில் ஓடும். என்ன விலைக்குத் தருகிறீர்கள் என்று கேட்டாள்.

பிரபாகர் சோபாவில் சாய்ந்துகொண்டார். "வெலையெல்லாம் எதுக்கு கண்ணு? பரணி சம்பளத்துல புதுசு எங்க வாங்கறது? உங்களுக்கு இது போதும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பரணி தரையைப் பார்த்தான்.

சத்யப்பிரியா மூடியைப் போட்டு அழுத்தினாள். "காப்பிக்கும் கொத்தமல்லிக்கும் வித்தியாசம் தெரியாத ஊட்டுல இருந்து எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க மாமா."

கலைமகள் காப்பித் தட்டோடு சமையலறை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். யாரும் காப்பி குடிக்கவில்லை.

அந்தத் தீபாவளிக்குத் தனக்குச் சேலை வேண்டாமென்று சொல்லிவிட்டு, சத்யப்பிரியா வேறொரு கை கிரைண்டர் வாங்கினாள். ஸ்டீல் பல், ஆடாத அச்சு, இம்மி இம்மியாகத் திருகி நைசாக்கும் வசதி. மின்சார கிரைண்டரில் இதே தரம் வேண்டுமென்றால் விலை எங்கோ போய்விடும். இதில் மிச்சமாகிற காசுக்கு ஈடு, கை வலி. கொட்டை கல்லாக இருந்தது. அவளால் பாதிக்குமேல் சுற்ற முடியவில்லை. பரணி வாங்கி, முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, மூச்சு வாங்கச் சுற்றி முடித்தான்.

காப்பி தேன்போல மெல்லிசாக இறங்கியது. அவள் ஒரு வாய் குடித்தாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. பரணியோ தன் டம்ளரில் இரண்டு கரண்டி சர்க்கரையைப் போட்டுக் கலக்கினான். இவ்வளவு பாடும் சர்க்கரைத் தண்ணி குடிக்கத்தானா என்று அவனையும் ஒரு பார்வை பார்த்தாள். அவன் அதைக் கண்டுகொள்ளவில்லை.

தினமும் காலையில் அரைப்பது அவன் வேலையாயிற்று. அக்கா வீட்டிலிருந்து போன் வருவது நின்றுவிட்டது. ஒருநாள் அவன் உள்ளங்கையில் கொப்புளம் கண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, மாமா கொடுத்ததையே எடுத்து வந்திருக்கலாம், அது நல்ல கிரைண்டர்தான் என்று சத்யப்பிரியா தானாகவே சொன்னாள்.

பரணி சுற்றுவதை நிறுத்தவில்லை.

"அதுல அரைச்சிருந்தா எனக்குத் தொண்டையில எறங்கியிருக்காது சத்யா," என்றான்.