பாவு நனைந்திருந்த தெருவில் என் கார்

எங்கள் காருக்குச் சத்தம் போதவில்லை. பி.ஏ. முடித்துவிட்டு அம்மாபேட்டைக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்த அந்த வருஷத்தில் எனக்கு இருந்த ஒரே கவலை அதுதான். மழை பொய்த்திருந்தது. வேலைக்குப் போட்ட மனுக்களுக்குப் பதிலே இல்லை. ஐரோப்பாவில் சண்டை மூளும் என்று பேப்பரில் தினமும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதெல்லாம் பெரியவர்கள் பாடு. கார் ஏன் பூனை மாதிரி போகிறது, அதைச் சொல்லுங்கள் முதலில்.

கார் அப்பாவுடையது. அப்பா நூல் வியாபாரி. மில் நூலை மொத்தமாக வாங்கி வீட்டுத் தறிக்காரர்களுக்குக் கொடுப்பார். வேட்டியாக நெய்து வந்ததும் கூலி கொடுத்து வாங்கி வெளியூருக்கு அனுப்புவார். அவரும் இருபது வயது வரை தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்தவர்தான். அந்தக் கார் மூன்று பேர் ஓட்டிச் சலித்த பிறகு அவரிடம் வந்த பழைய அமெரிக்க வண்டி. துணிக்கூரை. குடித்த எண்ணெயில் பாதியைப் புகையாகக் கக்கும். ஆனால் சத்தம் மட்டும் வராது.

மெட்ராஸில் என்னோடு படித்த ஓர் எஸ்டேட்காரர் மகனின் காரில் கட்-அவுட் இருந்தது. எஞ்சினிலிருந்து வரும் புகை சைலன்சர் என்கிற தகர உருளைக்குள் புகுந்து, சத்தத்தை அங்கே தொலைத்துவிட்டு, நல்ல பிள்ளையாகப் பின்பக்கம் வெளியே வரும். கட்-அவுட்டைத் திறந்தால் உருளைக்கு முன்னாலேயே புகை வெளியே பாய்ந்துவிடும். கார் உறுமும். கடற்கரைச் சாலையில் அவன் அதைத் திறக்கும்போது ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள். என்னை யாரும் எதற்காகவும் திரும்பிப் பார்த்ததில்லை.

அப்பா நூல் வாங்க ஈரோட்டுக்கு ரயிலில் போயிருந்த இரண்டு நாளில் மாட்டுக்கொட்டகையிலேயே வேலையை முடித்தேன். மல்லாக்கப் படுத்துக்கொண்டு இரும்பு ரம்பத்தால் குழாயை அறுத்தேன். துரு கண்ணில் கொட்டியது. அறுத்த வாய்க்குப் பழைய பம்பின் மூடியைப் பொருத்தி, கதவு ஸ்பிரிங் ஒன்றை மாட்டி, சைக்கிள் பிரேக் கம்பியை அதிலிருந்து என் காலடி வரைக்கும் இழுத்தேன். கம்பியை இழுத்தால் உறுமல், விட்டால் பூனை. முதலில் வாய் கீழே பார்த்திருந்தது. தரைப் புழுதியெல்லாம் காரின் கால்பலகை இடுக்கு வழியாக ஏறி என் வேட்டியைக் கரியாக்கிவிட்டது. அதனால் ஒரு வளைவுக் குழாயைச் சொருகி இடது பக்கம் திருப்பிவிட்டேன். இடது பக்கம் தெருதானே இருக்கிறது என்று நினைத்தேன்.

எங்கள் டிரைவர் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள். கொட்டகை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பீடி பிடித்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க சாமி, நல்லாத்தானுங்க இருந்துச்சு? எதுக்குங்க அதும் வயித்தைக் கிழிக்கறீங்க?"

"சத்தம் வரணும்ண்ணா. அப்பத்தான் வண்டிக்கு ஒரு மரியாதை."

"சத்தம் போட்டா மருவாதி வருமுங்களா? அப்படீன்னா எங்கூட்டுக்காரிக்குத்தானுங்க இந்தச் சில்லாவுலயே மொத மருவாதி."

நாமக்கல் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். கம்பியை இழுத்ததும் வண்டி துப்பாக்கி மாதிரி வெடித்தது. ஒரு மாட்டுவண்டி ரோட்டைவிட்டு இறங்கிச் சோளக்காட்டுக்குள் போய்விட்டது. வண்டிக்காரர் எழுந்து நின்று, "ஏண்டா, உங்கப்பனூட்டு ரோடாடா இது?" என்று கத்தினார். நான் ஊர் வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருக்களில் விடிந்ததும் பாவு நீட்டுவார்கள். பாவு என்றால் தறியில் ஏறப்போகும் நீள நூல். முழுத் தெரு நீளத்துக்கு அதைக் கவட்டைக் கால்களின் மேல் இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, ஆளுக்கு ஒரு பக்கமாக நின்று பிரஷால் நீவிக்கொண்டே போவார்கள். கஞ்சி காய்கிற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். ஈரத்தில் தூசி விழுந்தாலும் போயிற்று. கழுவ முடியாது, கழுவினால் கஞ்சி போய் நூல் சிக்காகிவிடும். அதனால் தெருமுனையில் ஒரு கழியைக் குறுக்கே வைத்திருப்பார்கள். கழியைப் பார்த்தால் மாட்டுவண்டி வேறு தெருவுக்குத் திரும்பும். பிணம்கூடச் சுற்றிக்கொண்டுதான் போகும். சுற்ற வழியில்லாத கார் என்றால் எஞ்சினை நிறுத்தி, கீழே இறங்கி, கழியைத் தூக்கி வைத்துவிட்டு, ஓரமாகக் கையால் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரைவரோடு சேர்ந்து தள்ளுவார். ஊரிலேயே பெரிய நூல் வியாபாரி, கார் வைத்திருப்பவர், தன் காரைத் தானே தள்ளுவார். எனக்கு அதைப் பார்க்கவே கேவலமாக இருக்கும்.

எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. நான் பிறந்ததே அந்தத் தெருவில்தான்.

அன்றைக்கு டிரைவர் ஊருக்குப் போயிருந்தார். காலை ரயிலில் வரும் கல்லூரிச் சிநேகிதனை ஸ்டேஷனில் போய் அழைத்து வர வேண்டும். தாமதமாகிவிட்டது. தெருமுனையில் கழி கிடந்தது. இறங்கினேன், கழியை ஓரமாகப் போட்டேன். அதுவரை சரி. இனி எஞ்சினை நிறுத்தித் தள்ள வேண்டும். தனி ஆளாக, சலவைச் சட்டையோடு, பி.ஏ. பட்டத்தோடு. ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டேன்.

இடது பக்கம் பாவு நீண்டு கிடந்தது. பால் வெள்ளை. காலை வெயிலில் ஈரம் மின்னியது. அந்தப் பாவு யாருடையது என்றும் தெரியும். அப்பாவிடம் வெள்ளை நூல் வாங்கி நெய்பவர்களில் முதல் ஆள். அவர் வேட்டியில் ஒரு பழுப்பு இழை பார்க்க முடியாது என்று மதுரைக் கடைக்காரர்கள் சொல்வார்கள். அவரும் அவர் மனைவியும் ஆளுக்கு ஒரு பக்கம் நீவிக்கொண்டிருந்தார்கள். அக்கம்பக்கத்துக்காரர்கள் நாலு பேர் கைகொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆறு பேர் இருக்கிறார்களே, இவர்களுக்கு ஒரு தடவை கேட்கட்டுமே என்று தோன்றியது. கம்பியை இழுத்தேன்.

காலைக் குளிரில் கிளப்பிய எஞ்சின். அது முதலில் துப்புவது புகை அல்ல, கரித்தண்ணீர். அதோடு எண்ணெய். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. அப்போது நான் பார்த்தது, ஆறு பேரும் பிரஷ்களைத் தூக்கி, இரண்டு கையையும் வீசி, வாயைத் திறந்து என்னவோ கத்திக்கொண்டு என் பக்கம் ஓடிவந்ததை மட்டும்தான். என்ன கத்தினார்கள் என்று கேட்கவில்லை. அவ்வளவு நல்ல சத்தம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தெருவே என்னைத் திரும்பிப் பார்த்தது. நானும் கையைத் தூக்கி அவர்களுக்கு ஆட்டினேன். ஆட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் மிதித்தேன்.

சாயங்காலம் டிரைவர் வந்தார். நேராக என்னிடம்தான் வந்தார்.

"பாவு கெடந்த தெருவுல வண்டிய ஓட்டிட்டுப் போனீங்களாமா?"

"ஓரமாத்தான் போனேன். நூல் மேல ஏத்தலையே."

"ஏத்தியிருந்தாக்கூட அறுந்த எழைய முடிஞ்சுக்கலாமுங்க. நீங்க கரியக் காறித் துப்பிப்போட்டு வந்திருக்கறீங்க. பாவுல கால்வாசி புள்ளி புள்ளியா நிக்குது. போயிப் பாருங்க."

நான் அங்கிருந்து நழுவப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"மாட்டுவண்டிக்காரனுக்குத் தெரிஞ்சதுங்க சாமி இது. நாஞ் சொல்ல மாட்டனுங்க மொதலாளிகிட்ட. நீங்களே சொல்லிப்போடுங்க. இன்னைக்கே."

சொல்லலாம் என்றுதான் இருந்தேன். சாப்பிட்ட பிறகு சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம், அப்பாவுக்குத் தலைவலி குறையட்டும், சிநேகிதன் ஊருக்குப் போகட்டும். அப்படியே மூன்று வாரம் போய்விட்டது. அதற்குள் அந்தப் பாவு தறியில் ஏறி வேட்டியாகி எங்கள் வீட்டு முன்கூடத்துக்கு வந்துவிட்டது.

வாரத்தில் ஒரு நாள் நூல் கொடுக்கும் நாள். இருபது முப்பது தறிக்காரர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அப்பா ஒவ்வொரு வேட்டியாக விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வேட்டியை விரித்தவர் அப்படியே நிறுத்தினார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். சாம்பல் நிறத்தில் புள்ளிகள், அம்மை போட்ட மாதிரி. அடுத்ததிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

"என்னய்யா இது?"

அதை நெய்த தறிக்காரர் எழுந்து நின்றார். "பாவு ஈரமா கெடக்கறப்ப ஒரு வண்டி வந்துருச்சுங்க மொதலாளி."

"எந்த வண்டி?"

அவர் என்னைப் பார்த்தார். முறைக்கவில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே வருகிற ஆளுக்காக ஒதுங்கி நிற்பது போல ஒரு பார்வை. நான் பேப்பரைத் திருப்பினேன்.

"கேக்கறனில்ல? நம்ம வண்டியா?"

"இல்லீங்க. வெளியூரு வண்டிங்க."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஆமாம், அதுதான் எனக்கு முதலில் தோன்றியது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அன்றைக்கு மூச்சு நிம்மதியாக வந்தது என்பதுதான் நிஜம்.

அப்பா வேட்டியை மடித்துத் தள்ளி வைத்தார். "கழி வெச்சிருந்தா எவன் வருவான்? கழி வெக்காம பாவு நீட்டியிருக்க. உனக்கே கவனம் போயிருச்சுன்னா அப்பறம் யாரை நம்பறது? இனிமே உனக்கு வெள்ளை வேண்டாம். கலர் நூல் எடுத்துக்க. துண்டு நெய்."

எங்கள் ஊரில் வெள்ளை வேட்டிக்காரரைத் துண்டுக்கு இறக்குவது என்றால், பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்தவரைக் கையைப் பிடித்து எழுப்பி வாசலில் உட்கார வைப்பது மாதிரி. அதுவும் முப்பது பேர் முன்னால். அவர் சிவப்பு நூல் கட்டை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கே கொட்டகைக்குப் போய் வளைவுக் குழாயைப் பிடுங்கி எறிந்தேன். அறுத்த இடத்தைத் தகரம் சுற்றி அடைத்தேன். அதனால் யாருக்கு என்ன? புள்ளி போகுமா? இரண்டு நாள் கழித்து அந்தத் தறிக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் தறியில் இருந்தார், எழுந்து வரவில்லை. அவர் மனைவி ராட்டையை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தார்.

"வாங்க தம்பி. நடந்தா வந்தீங்க? சத்தத்தையே காணமேன்னு பாத்தேன்."

"அக்கா, நான் செஞ்சது தப்பு. மன்னிச்சிருங்க."

"எங்ககிட்ட எதுக்குச் சொல்றீங்க? வண்டி யாருதுன்னு எங்களுக்குத் தெரியாதா? நாங்க கையைக் காட்டிக் காட்டி ஓடியாறோம், 'தம்பி பாவு, தம்பி பாவு'ன்னு. நீங்களும் கையைக் காட்டுறீங்க. எதுக்குங்க காட்டினீங்க? சொல்லுங்க, எனக்குத் தெரிஞ்சாகணும்."

"கேக்கலக்கா."

"கேக்கலன்னா எதுக்குக் கையை ஆட்டினீங்க?"

ஆரவாரம் செய்கிறீர்கள் என்று நினைத்தேன் என்று சொல்வதா? ஆனால் என் முகத்திலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது போலிருக்கிறது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா, வேறெதுவுமா என்று எனக்குத் தெரியவில்லை.

உள்ளே தறிச் சத்தம் நின்றது. தறிக்காரரின் குரல் மட்டும் வந்தது: "அவரைப் போகச் சொல்லு. சொல்ற எடம் இது இல்ல."

அன்று மாலையே அப்பாவிடம் சொன்னேன். அறைவார் என்று எதிர்பார்த்தேன். அறையவில்லை. கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அன்னிக்கு நீ கூடத்துலதானே உக்காந்திருந்த?"

"ஆமாப்பா."

"நான் நம்ம வண்டியான்னு கேட்டேன். நீ அங்கதான் இருந்த."

"ஆமா."

"அவன் கழி வெக்கலன்னு முப்பது பேர் முன்னால சொன்னேன். வாயைத் திறந்து சொன்னேன். இப்ப அந்த வாயை எங்க கொண்டு வெக்கறது?" எழுந்துகொண்டார். "நூல் குடுக்கற நாளன்னிக்கு நீயே சொல்லு. நான் சொன்னா, மொதலாளி மகனுக்காக மொதலாளி பேசறாருன்னுதான் இருக்கும்."

அடுத்த நூல் நாளில் எழுந்து நின்றேன். கல்லூரியில் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவன் நான். "அன்னிக்கு நம்ம வண்டியால ஒரு சின்னத் தவறு நேர்ந்துபோச்சு" என்று ஆரம்பித்தேன்.

பின்னால் ஒரு கிழவர் கேட்டார்: "வண்டி தானா போச்சுங்களா?"

சிலர் சிரித்தார்கள். அப்பா குனிந்து பாய்க்கோரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல. நான்தான் ஓட்டினேன். கழி இருந்துச்சு. நான்தான் எடுத்துப் போட்டேன். சத்தம் வரணும்னு குழாயை அறுத்ததும் நான்தான். அப்பா கேட்டப்ப நான் இங்கதான் உக்காந்திருந்தேன். சொல்லல."

யாரும் சிரிக்கவில்லை. அப்பா வெள்ளை நூல் கட்டு ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் அதை எடுத்துக்கொண்டு போய் அந்தத் தறிக்காரர் முன்னால் நீட்டினேன்.

அவர் என் கையைப் பார்த்தார், நூலைப் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டி அப்பாவிடம் பேசினார்.

"தறியில துண்டுப் பாவு ஏறியிருக்குதுங்க மொதலாளி, நீளப் பாவு. பாதியில அறுக்க முடியாது. அது எறங்க ரெண்டு மாசம் ஆகும். அதுக்கப்பறம் வாங்கிக்கறேன்."

"சரி," என்றார் அப்பா.

அவர் போய் உட்கார்ந்துகொண்டார். அடுத்த ஆளின் பெயரை அப்பா கூப்பிட்டார். நான் கூடத்து நடுவில், நீட்டிய கையை எப்படி மடக்குவது என்று தெரியாமல், நூல் கட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.