மூணு பொட்டு வெச்ச ஹீட் சிங்க்

எங்கப்பாவின் இடது காதைப் பறித்தது பஸ். அரூரிலிருந்து சித்தேரி மலைக்கு இருபது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டினவர் அவர். அந்தக் காலத்துப் பஸ்ஸில் இஞ்சின் டிரைவருக்கு இடப்பக்கம், முழங்காலை ஒட்டி, ஒரு தகர மூடிக்குள் உறுமிக்கொண்டே வரும். ரிட்டையர் ஆகும்போது இடது காது முழுசாகப் போய்விட்டது, வலது காது பாதி. மிச்சமிருந்த பாதிக்கு ஒரு காது மிஷின் வாங்கி மாட்டினோம்.

காது மிஷினுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பேச்சையும் பெருசாக்கும், பேச்சில்லாத சத்தத்தையும் பெருசாக்கும். வீட்டில் டிவியோடு இணைத்து நாங்கள் படம் பார்த்த பழைய கம்ப்யூட்டர், மாவு மில் மாதிரி ஓடும். தலைக்கு மேலே ஓடும் சீலிங் ஃபேனை அப்பா பொறுத்துக்கொண்டார். டிவிக்கு அடியிலிருந்து வரும் இரைச்சல் மட்டும் நடிகர்களின் பேச்சோடு கலந்து வந்து அவரைப் படுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டவர், அதற்கப்புறம் படத்தை வெறும் படமாகத்தான் பார்த்தார். காமெடி எது என்று எங்கள் மூஞ்சியைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, எங்களோடு சேர்ந்து சிரிப்பார். அரை செகண்ட் தாமதமாக.

அந்த அரை செகண்டை ஒழிக்க வேண்டும் என்றுதான் சத்தமே இல்லாத ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் செய்யக் கிளம்பினேன். நான் உரக்கடை வைத்திருப்பவன். யூரியாவுக்கும் பொட்டாசுக்கும் நடுவில் உட்கார்ந்து மூன்று மாசம் வீடியோ பார்த்ததில், உலகத்திலேயே இதைப் பற்றி அதிகம் தெரிந்தவன் நான்தான் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். பூச்சி மருந்து கேட்டு வந்த ஒருவரிடம் ஃபேன் இல்லாமல் சூட்டை வெளியேற்றுவது எப்படி என்று விளக்கியிருக்கிறேன். பாவம், அவர் தக்காளியில் புழு என்று வந்தவர்.

சாமான் ஒவ்வொன்றாக வந்தது. ஸ்வீட் டப்பா அளவில் வலை போட்ட ஒரு பெட்டி, சின்ன மதர்போர்டு, சுத்தாத டிஸ்க். எல்லாவற்றுக்கும் ராஜா மாதிரி ஒரு ஹீட் சிங்க். ஃபேனே கிடையாது, தகடு தகடாக அடுக்கிய அலுமினியம், அதுவே சூட்டை இழுத்துக் காற்றில் விட்டுவிடும். அப்பா அதைக் கையில் வாங்கி, ரேடியேட்டர் மாதிரி இருக்கிறது என்றார். பிறகு பூஜை ரூமுக்குக் கொண்டுபோய், பஸ் ஸ்டியரிங்குக்கு வைப்பது போலவே சந்தனமும் குங்குமமும் வைத்தார். அவர் வைப்பது எப்போதும் மூணு பொட்டு, நடுப்பொட்டு கொஞ்சம் பெருசு. எலக்ட்ரானிக் சாமானுக்கு ஈரச் சந்தனம் ஆகாது என்று நான் ஒரு பிரசங்கம் செய்தேன். மிஷின் சட்டைப் பையில் இருந்ததால் அவருக்கு அது கேட்கவில்லை.

நானே மாட்டினேன். பட்டனை அமுக்கினேன். அப்படி ஒரு அமைதி. கம்ப்யூட்டர் ஓடவே இல்லை என்பது கால் மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது.

ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்த நண்பன் பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். என் கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறினவன். எங்கப்பா பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் மலைக்குப் போய் வந்தவன். பெட்டியை அவனிடம் கொடுத்தேன். பார்த்துச் சிரித்தான், நாலு நாள் வைத்திருந்தான், ஓட வைத்துக் கொடுத்தான். ஸ்குரூ மேல் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தான். இதைப் பிரித்தால் வாரண்டி போய்விடும் என்றான். மொத்தச் சாமானும் நான் வாங்கியது, இதில் யாருடைய வாரண்டி என்று கேட்கத் தோன்றவில்லை. மூன்று மாசம் வீடியோ பார்த்த மூளை, ஒரு ஸ்டிக்கருக்குக் கும்பிடு போட்டுவிட்டது.

அந்த ஞாயிறு அப்பா காது மிஷினை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. "உய்ங்குங்குதுடா. சின்ன ஃபேனு. பேரிங் சரியில்ல" என்றார்.

உள்ளே ஃபேனே இல்லையே என்றேன். எனக்கும் லேசாக ஏதோ கேட்டது, பொய் சொல்ல மாட்டேன். குனிந்து வலை வழியாக உள்ளே பார்க்கத்தான் தோன்றவில்லை. நண்பனுக்குப் போன் போட்டேன். அந்தக் காது மிஷின் சும்மாவே உய்ங்குங்கும், பெரியவர் சொல்வதைப் பெருசாக எடுத்துக்கொள்ளாதே என்றான். நான் அப்படியே திரும்பி அப்பாவிடம், சத்தம் கம்ப்யூட்டரில் இல்லை, உங்கள் காதில்தான் என்று சொன்னேன். கொஞ்சம் சலிப்பாகவே சொன்னேன். மிஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். மறுபடி அரை செகண்ட் தாமதச் சிரிப்பு.

மூன்று வாரம் போயிருக்கும். புது டிவி வாங்கியிருக்கிறேன், வந்து பார் மாப்ள என்று நண்பன் கூப்பிட்டான். மத்தியான நேரம், அவன் வீட்டுக்குப் போனேன். ஏதோ சண்டைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் படத்தை நிறுத்திவிட்டு, காராபூந்தி எடுத்து வர உள்ளே போனான்.

அப்போதுதான் கேட்டது. அதாவது, எதுவுமே கேட்கவில்லை. மூன்று மாசம் வீடியோவில் நான் ஏங்கிய அமைதி, அவன் டிவிக்கு அடியில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டராக உட்கார்ந்திருந்தது. ஓடுகிறது என்று சொல்ல ஒரு சின்ன நீல லைட் மட்டும். குனிந்து, வலை வழியாகப் பார்த்தேன். அலுமினியத் தகட்டின் மேல் காய்ந்த சந்தனம். அதில் மூணு பொட்டு, நடுப்பொட்டு கொஞ்சம் பெருசு. அவன் துடைத்துக்கூடப் பார்க்கவில்லை.

தட்டோடு வந்தவன், நான் தரையில் மண்டியிட்டிருப்பதைப் பார்த்து நின்றுவிட்டான்.

"இது எங்கப்பா வெச்ச பொட்டுடா" என்றேன்.

தட்டைத் தரையில் வைத்தான். மழுப்பவில்லை, அதைச் சொல்ல வேண்டும். "உங்கப்பாவுக்குத்தான் காது கேக்காதே மாப்ள. சத்தமில்லாத மிஷினு அவருக்கு எதுக்குன்னு தோணுச்சு. வீணாத்தான போவும்னு ஒரு சின்ன ஃபேனப் போட்டு விட்டேன்."

கிண்டலாகச் சொல்லியிருந்தால் நானும் கிண்டலாகத் திருப்பியிருப்பேன், என் பழக்கமே அதுதான். அவன் நிஜமாகவே அப்படி நினைத்திருந்தான். எங்கப்பா பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து, கத்திக் கத்தி அவரோடு பேசிக்கொண்டு மலையேறியவன், அவரை ஒரு செவிட்டுக் கணக்கில் தள்ளிவிட்டு அவர் சாமானைப் பங்கு போட்டிருக்கிறான். காராபூந்தியை மட்டும் ஒரு பிடி எடுத்துத் தின்றேன். எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை.

ஹீட் சிங்கை அவனே கழற்றினான். பேப்பரில் சுற்றிக் கொடுத்தான். நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். போகும்போது போய்ட்டு வரேன் என்று சொல்வது வழக்கம், சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து ஸ்டிக்கரைக் கிழித்தேன். உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு மட்டமான ஃபேன், அப்பா சொன்னபடி பேரிங் ஆடிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு ஹீட் சிங்கை நானே மாட்டினேன். முதல் அமுக்கிலேயே ஓடியது. ஒரு ஸ்குரூ லூசாக இருந்தது, சரி செய்துவிட்டேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அந்த ஞாயிறு காமெடி வந்தபோது அவர் எனக்கு முன்னாடி சிரித்தார்.

ஆனால் நன்றாகக் கேட்க ஆரம்பித்ததும் ஆளைத் தேட ஆரம்பித்துவிட்டார். கம்ப்யூட்டரை ஓட வைத்தவன் அவனாயிற்றே, ஒரு ஞாயிறு படம் பார்க்கக் கூப்பிடு என்றார். அவனுக்கு ஒரு கல்யாணம் என்றேன். அடுத்த வாரமும் கேட்டார், இன்னொரு கல்யாணம் என்றேன். வைகாசியும் ஆனியும் எனக்குக் கை கொடுத்தன. என் கணக்கில் அவன் அரூர் தாலுகாவில் ஒரு முகூர்த்தம் விடவில்லை.

போன ஞாயிறும் கேட்டார். பாலக்கோட்டில் ஒரு கல்யாணம், போயிருக்கிறான் என்றேன்.

படத்தை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். பழைய கம்ப்யூட்டராக இருந்திருந்தால் இரைந்துகொண்டாவது இருந்திருக்கும். இது அதுவும் செய்யவில்லை.

"ஆடி மாசத்துல எவன்டா கல்யாணம் வெக்கிறான்?"

சொல்லிவிட்டேன். பொட்டு, காராபூந்தி, அவன் சொன்ன வார்த்தை, எல்லாமே. வலது காதை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு முழுசாகக் கேட்டார். அவனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அப்ப அந்த பேரிங் சத்தம் நெசந்தான?" என்றார்.

"நெசந்தாம்பா."

"எங்காதுலன்னு சொன்னியேடா."

அவர் ரிமோட்டைத் தானே எடுத்துப் படத்தை ஓடவிட்டார். காமெடி சீன் வந்தது. இந்தத் தடவை அவர் சிரிக்கிறாரா என்று அவர் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.