வசாகா வெயிலும் தோளில் பூசிய தேசிக்காயும்

யூலை மாதச் சனிக்கிழமை ஒன்றில் வசாகா கடற்கரைக்குப் போனோம். (கடற்கரை என்று சொன்னாலும் அது ஏரிதான், உப்புக் கரிக்காது.) மச்சானின் மகள் அபிக்கு இரண்டு கிழமையில் நடன அரங்கேற்றம். ஆடி ஆடிக் களைத்த பிள்ளை, ஒருநாள் தண்ணீரில் கிடக்கட்டும் என்று கூட்டிப் போனோம்.

நாங்கள் இருக்கும் வெக்ஸ்போர்ட்டில் இருந்து ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீற்றர். காலை ஏழுக்கு வெளிக்கிட்டால் ஒன்பதுக்குள் போகலாம்; பிந்தினால் கார் நிறுத்த இடம் தேடி அலைய வேண்டும். நாங்களும் ஏழுக்குத்தான் வெளிக்கிட்டோம். வழியில் சாப்பிட றோல்ஸ் வாங்க நின்ற கடையில் மச்சான் ஊர்க்காரர் ஒருவரைக் கண்டுவிட்டார். அந்தக் கதையைத் தொடங்கினால் நான் வசாகாவுக்கு வந்துசேர மாட்டேன், விடுவோம்.

வெயிலுக்குப் பூசும் கிறீம் ஒருவரும் கொண்டுபோகவில்லை.

"எங்கட தோலுக்கு வெயில் என்ன செய்யப்போகுது?" என்றார் மச்சான்.

மத்தியானம் அபியின் இரண்டு தோளும் நெருப்பாய்க் கொதித்தன. எங்களுக்குப் பக்கத்தில், விட்பி நகரில் இருந்து வந்தவர்கள் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் அபியின் தாயான மச்சாளுக்குத் தெரிந்த ஓர் அன்ரி, மீனுக்குப் பிழிய வெட்டிய பாதித் தேசிக்காயோடு எழும்பி வந்து அபியின் தோளில் தேய்க்கத் தொடங்கினார்.

"அன்ரி, எரியுது! ஸ்டொப்!"

"கொஞ்சம் பொறு பிள்ளை. கறுத்துப்போயே மேடையில ஏறப்போறாய்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் எரிவுக்கு மருந்து போடவில்லை, நிறத்துக்குப் போட்டார். அந்தச் சாறோடு பிள்ளை பின்னேரம்வரை வெயிலில் இருந்தாள். மூன்றாம் நாள் கொப்புளம். தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் இப்படித்தான் வேகும் என்றார் டொக்டர்.

"அவ நல்லதுக்குத்தானே செய்தவ" என்றார் மச்சாள். நல்லதாம்! பிள்ளை குப்புறப் படுத்து அழுகிறாள்.

அந்தக் கிழமை முழுக்க ரெலிபோன். நோகுதா, ஆட முடியுமா என்று கேட்டவர் ஒருவர் இல்லை. "நிறம் மாறிட்டுதோ?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். ஒருவர் கடலைமா பூசச் சொன்னார், ஒருவர் சந்தனம்.

இப்படிப் பயணம் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எந்த நிறத் தோலும் வேகும்; கிறீமும் குடையும் கொண்டுபோங்கள். வெந்துவிட்டால் குளிர்தண்ணீரில் நனைத்த துணி போடுங்கள். கற்றாழை மடலை வெட்டினால் நிமிர்த்தி வைத்து மஞ்சள் பால் முழுவதையும் வடியவிடுங்கள். அது பட்டால் தோல் அரித்துக் கடிக்கும். பிறகு கழுவி, உள்ளே இருக்கும் கண்ணாடிபோன்ற சதையை மட்டும் பூசுங்கள். என் மனைவி அபிக்கு அதைத்தான் செய்தார், அதுவும் கொப்புளம் இல்லாத இடத்தில் மட்டும். கொப்புளத்துக்கு டொக்டர்தான். தேசிக்காய் மீனோடு நிற்கட்டும்.

அபி ஆடினாள். இரண்டரை மணித்தியாலம், தோளில் கரும்படை தெரியத் தெரிய ஆடினாள். முடிந்ததும் அதே அன்ரி மேடைக்குப் பக்கத்தில் வந்து, அவளுடைய தோளைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னும் கறுப்புப் போகேல்லையே பிள்ளை."

வியர்வையைத் துடைத்தபடி அபி கேட்டாள்.

"நான் ஆடினதைப் பாத்தனீங்களோ அன்ரி?"